மூன்றாவது முனை

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நான் நலம் என்று எழுதினால்தான் கடிதம் கடிதமாக இருக்கும், அதனால் எழுதிவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய்? பலமுறை போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. உங்கள் வீட்டு ஆண்களுக்கு வாயால் பதில் சொல்வதைவிடத் தட்டி அனுப்புவது சுலபம் என்று உன் அண்ணனே ஒத்துக்கொண்டிருக்கிறார். அதனால் இந்த மெயில்.

விஷயம் அவருடைய கணினி பற்றியது. அவர் போன நாளிலிருந்து அது அணையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் டியூட்டி முடிந்து வந்தபோது நாற்காலியில் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். நர்ஸுக்குக் கையைப் பிடித்தால் போதும். அவர் கை குளிர்ந்திருந்தது, காலடியில் இருந்த பெட்டி மட்டும் வெதுவெதுவென்று இருந்தது.

காரியம் எல்லாம் முடிந்தபின் அணைக்கப் போனேன். துக்கம் கேட்க வந்திருந்த, கணினி பழுதுபார்க்கிற கடைக்காரர் ஓடி வந்து தடுத்தார். "அக்கா, கை வச்சுடாதீங்க. டிஸ்க் பூரா பூட்டு போட்டு வச்சிருக்காரு. இப்ப திறந்து கிடக்கு. அணைச்சுட்டுத் திரும்பப் போட்டா பாஸ்வேர்டு கேக்கும். உங்களுக்குத் தெரியுமா?" எனக்குத் தெரியாது. உனக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

உள்ளே அவர் குரல் இருக்கிறது. கை நடுக்கம் வந்தபிறகு அவர் குறிப்பு எதையும் தட்டுவதில்லை, தினமும் மைக்கில் பேசிப் பதிந்து வைப்பார். எனக்கு அது வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். வெளியே ஒரு டிஸ்க் வாங்கி மாட்டி நகல் எடுக்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் ஃபேன் கத்த ஆரம்பித்தது, சூட்டு வாடை வந்தது. பயந்து நிறுத்திவிட்டேன். சூடு மீறினால் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளுமாம். எவ்வளவு சூடு என்று பார்க்கலாமென்றால், திரை மூலையில் எப்போதும் நிற்கும் எண்கள் இப்போது இல்லை, காலிக் கட்டம்தான் இருக்கிறது. வெயில் காலம் வேறு வருகிறது.

அந்த எண்களை வரவைக்கும் டிரைவரை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதானே எழுதினீர்கள்? உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை. ஃபேன் ஏறி இறங்குவது பக்கத்து அறையில் யாரோ மூச்சு விடுவது மாதிரி இருக்கிறது. பழகிவிட்டது என்று சொன்னால் பொய்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி


மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நலம். நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனை எடுக்க முடியாததற்கு வேலைதான் காரணம், வேறொன்றும் இல்லை.

கணினிப் பெட்டிக்குள் இருக்கும் போர்டில் ஒரு சிறிய சிப் இருக்கிறது. அதன் வேலை சூடு பார்ப்பது. ஆனால் அது சொல்வது கணினிக்குப் புரியாது. டிரைவர்தான் நடுவில் நின்று மொழிபெயர்க்கும். கம்பெனி அந்தச் சிப்புக்கு டிரைவர் தரவில்லை. நம்முடையது யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்கிற பொது இயங்குதளம் என்பதால், அண்ணனும் நானும் உட்கார்ந்து எழுதினோம். அன்று அவர் புதிய பதிப்பைச் சோதிக்கப் பழையதைக் கழற்றியிருக்க வேண்டும். புதியதை மாட்டுவதற்குள்தான் அப்படி ஆகியிருக்கிறது.

காய்ச்சல் பார்க்காமல் ஆபரேஷனுக்கு அனுப்பக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். எண்கள் வரும்வரை நகல் எடுக்க வேண்டாம். பழைய டிரைவரை மாட்டுவதற்கான வரிகளை இணைத்திருக்கிறேன். கறுப்புத் திரையில் ஓர் எழுத்துகூட மாறாமல் தட்டுங்கள். எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்கள்.

தங்கள் தம்பி


மார்ச் 13

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். நீ எழுதி அனுப்பியதை மருந்துச் சீட்டு மாதிரி எழுத்துக்கூட்டித் தட்டினேன். "அப்படி ஒரு சாதனம் இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. மறுபடியும் தட்டினேன், மறுபடியும் அதையே சொன்னது. இத்தனை வருஷம் இருந்தது இப்போது இல்லையாம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது தம்பி. பிறகு பெட்டிமேல் கை வைத்துப் பார்த்தேன். இருக்கிறதே, சூடாக இருக்கிறதே என்று அதனிடமே சொன்னேன். யாராவது பார்த்திருந்தால் எனக்கே ஊசி போட்டிருப்பார்கள். அவர் கடைசியாகத் திறந்து வைத்திருந்த கோப்புறையையும் இத்துடன் அனுப்புகிறேன், பார்.

நீ இருமினாலும் வெந்நீர் குடிக்காத ஆள். இனிமேலாவது குடி.

அண்ணி


மார்ச் 30

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். இருமல் எல்லாம் இல்லை. நீங்கள் நலம்தானே?

காரணம் கண்டுபிடித்துவிட்டேன். இடையில் ஒருமுறை இயங்குதளம் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு அந்தச் சிப் தனக்கே சொந்தம் என்று போர்டு உரிமை கொண்டாடுகிறது, முன்பே ஏறியிருந்த நம் டிரைவரை விட்டுவைத்தது, கழற்றியபின் மறுபடி உள்ளே விடுவதில்லை. வழக்கமான வைத்தியம், கணினியை அணைத்து ஓர் அமைப்பை மாற்றித் திரும்பத் தொடங்குவது. நமக்கு அது ஆகாது. போர்டோடு சண்டை போடாமல் போர்டிடமே கேட்டு வாங்கும் இன்னொரு வழி இருக்கிறது. நீங்கள் அனுப்பிய கோப்புறையைத் திறந்து பார்த்தேன். அண்ணன் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தார். கிட்டத்தட்ட முடித்துவிட்டார். ஒரு வரி பாதியில் நிற்கிறது, அடைப்புக்குறிகூட மூடவில்லை. அதைப் பார்த்தபிறகு இரண்டு மூன்று நாள் என்னால் அந்தப் பக்கம் போக முடியவில்லை. இந்தத் தாமதத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

மீதியை எழுதி என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். என்னுடையதும் அதே போர்டுதான். அப்போது ஜோடியாக வாங்கினோம். இதை மாட்டுங்கள், அணைக்காமலே ஏறும். இரண்டு எண்கள் தெரியும். எது எண்பதைத் தொட்டாலும் நகலை நிறுத்திவிட்டு, ஐம்பதுக்கு இறங்கியபின் தொடருங்கள்.

தங்கள் தம்பி


ஏப்ரல் 1

அன்புள்ள தம்பிக்கு,

நீ நன்றாக இருப்பாய். எண் வந்துவிட்டது. இன்று என்ன தேதி என்று யோசிக்காதே, நிஜமாகவே வந்துவிட்டது. வந்ததும் உன் அண்ணன் வைத்த பெயர்களும் தானாகவே வந்து பக்கத்தில் ஒட்டிக்கொண்டன. மூளை 58. வயிறு 44. சிப்புக்கு மூளை, வயிறு என்று பெயர் வைக்கிற மனுஷனோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், என் பொறுமையை நீ மெச்ச வேண்டும்.

வார்டில் சார்ட் போடுகிற மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்து நகல் எடுக்கிறேன். பழைய பதிவிலிருந்து வரிசையாக எடுக்கிறேன். மூளை எண்பதைத் தொட்டால் நிறுத்தி, விசிறியைத் திருப்பி வைத்து, டீ குடித்துவிட்டு வந்தால் இறங்கியிருக்கும். மெதுவாகத்தான் நடக்கும், நடக்கட்டும்.

ஒன்று கேட்க வேண்டும். அவர் திரையில் மூன்று வரி நிற்கும். நான் டீ கொண்டுபோய் வைக்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். இப்போது இரண்டுதான் வருகிறது. அடியில் ஓர் எச்சரிக்கையும் வருகிறது. மூன்றாவதுக்குப் பெயர் கொடுக்கப்பட்டிருக்கிறது, ஆனால் ஆள் இல்லை என்கிற மாதிரி. அந்தப் பெயர் என்ன என்று பார்த்தேன். அந்த வரி எங்கே போனது?

அண்ணி


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நலமறிய ஆவல். நகல் நடப்பது கேட்டு நிம்மதி.

மூன்றாவது முனையில் எதுவுமே மாட்டப்படவில்லை. சூட்டை உணரும் கம்பி மாட்ட அந்தச் சிப்புக்கு மூன்று முனை இருக்கிறது, போர்டு செய்தவன் இரண்டை மட்டும் இணைத்தான். வெறும் முனை சுற்றியிருக்கிற மின்சாரத்தை வாங்கி ஏதோ ஓர் எண்ணைச் சொல்லும். பொய் எண். அதனால் என் பதிப்பில் அதை மறைத்துவிட்டேன். நமக்கு அது தேவையில்லை.

இதில் அண்ணனுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு. சிப் என்ன சொன்னாலும் காட்ட வேண்டும், எது பொய் என்று தீர்மானிக்க நாம் யார் என்பது அவர் கட்சி. இல்லாத சூட்டைக் காட்டுவது ஆளை ஏமாற்றுவது என்பது என் கட்சி. இந்த வேலை செய்கிறவர்கள் எல்லோரும் மெயிலில் பேசிக்கொள்ளும் பொது மடலாடலில், ஊர் உலகம் பார்க்க, வார்த்தை தடித்துவிட்டது. பழைய கதை.

நீங்கள் அந்த வரியைப் பற்றிக் கவலைப்படாமல் நகலைக் கவனியுங்கள்.

தங்கள் தம்பி


ஏப்ரல் 21

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை சும்மா கேட்கவில்லை.

ஆக, இதற்காகத்தான் ஆறு வருஷம் பேசவில்லை. நான் ஏதோ வீட்டுப் பங்கு, இல்லையென்றால் யாரோ போட்டுக்கொடுத்தது என்று நினைத்திருந்தேன். ஒன்றும் மாட்டாத ஒரு முனையைக் காட்டுவதா மறைப்பதா என்று சண்டை போட்டு, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தீர்கள். இதை ஆஸ்பத்திரியில் சொன்னால் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு நீ பக்கத்தில் இருந்திருந்தால் இரண்டு வைத்திருப்பேன்.

சரி, கேள். நகல் எடுத்ததைக் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். வேலைக் குறிப்புதான், எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன, அவர் குரல்தானே. ஆனால் ஒவ்வொரு பதிவையும் ஒரே மாதிரி தொடங்குகிறார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "மூளை அம்பத்தஞ்சு. வயிறு நாப்பத்திரெண்டு. தம்பி முப்பத்தேழு." அதற்குப் பிறகுதான் வேலை.

அந்த மூன்றாவது வரிக்கு அவர் வைத்த பெயர் அதுதான். போன கடிதத்திலேயே எழுதியிருப்பேன், நீ என்ன சொல்கிறாய் என்று பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். எதிலும் ஒட்டாமல் தனியாக நின்றுகொண்டு எதையாவது சொல்லிக்கொண்டிருப்பவன் என்று கிண்டலுக்கு வைத்திருப்பார், எனக்குத் தெரியாதா அவரை. ஆனால் தினமும் அதைத் தவறாமல் வாசித்திருக்கிறார். "தம்பி முப்பத்தாறு." "தம்பி முப்பத்தேழு, பரவாயில்ல." எங்கள் வார்டு சார்ட்டில் முப்பத்தேழு என்றால் நல்ல உடம்பு, நாற்பது என்றால் கடும் காய்ச்சல்.

ஒரு பதிவில் நின்றுவிட்டேன். போன வருஷம், மழை விடாமல் பெய்த அந்த மாதம். "தம்பி நாப்பது" என்கிறார். மறுநாள் "தம்பி நாப்பத்தொண்ணு. என்னடா இது." பிறகு நாற்காலி நகரும் சத்தம். என்னைக் கூப்பிடுகிறார். எனக்கு அன்று நடந்தது ஞாபகம் இருக்கிறது. "அவனுக்கு ஒரு போனப் போட்டு நல்லா இருக்கானான்னு கேளு. நான் கேட்டேன்னு சொல்லாத." நானும் போட்டேன். நீ நன்றாக இருப்பதாகச் சொன்னாய். குரல் கம்மியிருந்தது, தூங்கி எழுந்தாய் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதம் நீ எப்படி இருந்தாய் தம்பி?

அண்ணி


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. சுகமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன். நான் இருக்கிறேன்.

வெயில் கொளுத்துகிறது. பெட்டியின் பின்பக்க ஃபேன் நேற்று நின்றுவிட்டது. சும்மா இருக்கும்போதே மூளை எழுபது காட்டுகிறது. கடைக்காரர் வந்து, ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபேனை மாற்ற முடியாது என்று கையை விரித்துவிட்டார். பக்கப் பலகையை மட்டும் கழற்றி, மேசை விசிறியை நேராக வைத்துக் கொடுத்தார். கடைசி இரண்டு மாதப் பதிவுகள் பாக்கி. கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறேன். அவர் சாகக் கிடந்தபோது பக்கத்தில் இருக்கக் கொடுத்து வைக்கவில்லை, இந்தப் பெட்டிக்காவது இருக்கிறேன் என்று லீவு போட்டுவிட்டேன்.

பலகை திறந்திருந்ததால் உள்ளே பார்த்தேன். மூன்றாவது முனை எது என்று கடைக்காரரைக் காட்டச் சொன்னேன். இரண்டு சின்ன ஊசிகள், வெறுமையாக நிற்கின்றன. நீ சொன்னது சரிதான், ஒரு கம்பிகூட இல்லை.

இந்தப் பெட்டி போவதற்குள் அந்த வரியை எனக்கு ஒரு தடவை காட்டு. உன் கட்சி தோற்றுவிட்டதாக நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அண்ணி


மே 8

அன்புள்ள அண்ணிக்கு,

அந்த வாரம் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். விஷக் காய்ச்சல். மூன்றாம் நாள் நினைவு தப்பிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் வருவார், வந்தால் நான் பேச வேண்டியிருக்கும் என்று சொல்லவில்லை. நீங்கள் போன் செய்தபோது கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது. நன்றாக இருக்கிறேன் என்றேன்.

அது தற்செயல் அண்ணி. வெறும் முனையின் எண் அறையின் சூட்டோடு ஏறும், வெயில் காலத்தில் அப்படிக் காட்டும். இதை உங்களுக்கு எழுதத்தான் இத்தனை நாளும் உட்கார்ந்தேன். எழுதி எழுதி அழித்தேன். அது மழைக்காலம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். மழைக்காலத்தில் ஏன் ஏற வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இந்தச் சிப்பைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார், அவரிடம்தான் கேட்க வேண்டும்.

இத்துடன் இருக்கும் பதிப்பில், மூன்றாவதை மறைக்கச் சொல்லும் அந்த ஒரே ஒரு வரியை எடுத்திருக்கிறேன். பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டுங்கள். சீக்கிரம் மாட்டுங்கள்.

தம்பி


மே 12

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். பெட்டி போய்விட்டது. இரு, பதறாதே, முழுதாகச் சொல்கிறேன்.

நீ அனுப்பியதை அன்று மாலையே மாட்டினேன். மூன்று வரியும் வந்தன. மூளை 76. வயிறு 61. தம்பி 37.

வார்டில் இத்தனை வருஷமாக அந்த எண்ணைப் பார்த்தால் குறித்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவேன். அன்று போக முடியவில்லை. அறை அடுப்படி மாதிரி கொதிக்கிறது, மற்ற இரண்டும் ஏறிக்கொண்டே போகின்றன, அது மட்டும் முப்பத்தேழிலேயே நிற்கிறது. கம்பியில்லாத அந்த ஊசிகளையும் பார்க்கிறேன், திரையையும் பார்க்கிறேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அறையை விட்டுப் போகத் தோன்றவில்லை.

பதிவுகளை முடித்தேன். கடைசிப் பதிவு, அவர் போன அன்று காலையில் பேசியது, அதுவும் வந்துவிட்டது. அது வந்து முடிந்தபின் மூளை எண்பத்தெட்டு, தொண்ணூறு என்று ஏறியது. விசிறியை இன்னும் கிட்டத்தில் வைத்தேன். மூன்றாவது வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கடைசிவரை அது அசையவில்லை. டக்கென்று ஒரு சத்தம். திரை இருண்டது. வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் அவர் போன அன்றுகூடக் கேட்கவில்லை.

கடைசிப் பதிவில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன், அது உனக்குச் சேர வேண்டியது.

"மூளை அம்பது. வயிறு நாப்பது. தம்பி முப்பத்தேழு. பழசக் கழட்டிட்டுப் புதுச மாட்டப் போறேன். ஒண்ணு சொல்லி வச்சிடறேன். அவன் சொன்னபடி மூணாவத மறைச்சுடலாம்னு ஒரு நாள் மறைச்சுப் பாத்தேன். அவன் சொன்னது சரிதான், அது பொய்தான். ஆனா ரெண்டு வரி மட்டும் நின்னுச்சு. பாக்க நல்லா இல்ல. திருப்பிப் போட்டுட்டேன். இன்னிக்கு இது ஏறிடுச்சுன்னா அவனுக்கு அனுப்பணும். திட்டுவான். திட்டட்டும், அந்தச் சாக்குலயாவது பேசுவான்ல."

அதற்குப் பிறகு தொண்டையைச் செருமுகிறார். அவ்வளவுதான்.

வெந்நீர் குடி. சாப்பிடு. போனை எடு.

அண்ணி


மே 15

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலமாக இல்லை. இதை எழுத இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

டிரைவரை இன்று பொதுவில் அனுப்பிவிட்டேன். எழுதியவர் என்ற இடத்தில் அண்ணன் பெயர் இருக்கிறது, அவருக்குக் கீழே என் பெயர். மூன்று முனைகளும் தெரியும். ஏன் காட்டுகிறீர்கள், அதில்தான் எதுவும் மாட்டவில்லையே என்று ஒரு பையன் உடனே பதில் போட்டிருக்கிறான். நான் போட்ட அதே சண்டை. அவனுக்கு என்ன எழுதுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு என் கணினியில் இருந்த பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன். இங்கேயும் மூளை, வயிறு என்றே பெயர் போட்டேன். ஆறு வருஷம் மறைத்து வைத்திருந்த மூன்றாவது வரி வந்து நின்றது. அதற்கு அண்ணன் என்று போட்டேன்.

பக்கத்தில் ஓர் எண் நிற்கிறது. அது பொய் என்று எனக்குத் தெரியும், யார் கேட்டாலும் படம் போட்டு விளக்குவேன். காலையிலிருந்து அதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன், எழுந்து போக முடியவில்லை. என்ன எண் என்று இதில் எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் அங்கே தனியாக உட்கார்ந்து படிப்பீர்கள்.

சனிக்கிழமை வருகிறேன். வந்து சொல்கிறேன். இதை அனுப்பிவிட்டு உங்களுக்குப் போன் போடுவேன், எடுங்கள்.

தம்பி